கூப்பிட்டால்தான் இறங்குவோம்

நான் பார்க்கும் வேலையை எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்று திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "பாவம், அதுவும் ஒங்கிட்ட மாட்டிக்கிட்டுதா" என்றாள். அதிலிருந்து யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

உண்மையில் வேலை இதுதான். எழுதிக் கொடுத்த வாக்கியத்தை இயந்திரம் குரலில் வாசிக்கும். எப்படி வாசிப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதனால் வாக்கியத்தின் நடுவே கோண அடைப்புக்குறிகள் போட்டுக் கட்டளைகளைச் செருக வேண்டும். இங்கே கொஞ்சம் நிறுத்து, இந்தச் சொல்லை அழுத்திச் சொல், இங்கே தமிழ் முடிகிறது, இனிமேல் கன்னடம். திறந்த குறியை மூடவும் வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் இயந்திரம் வாயே திறக்காது, சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

குறிகளோடு ஒலி விதிகளும் எழுத வேண்டும். தமிழில் இருப்பது ஒரே ககரம். கடல் என்றால் ஒரு மாதிரி, தங்கம் என்றால் ஒரு மாதிரி, அகம் என்றால் இன்னொரு மாதிரி ஒலிக்கும். நமக்கு இது பால்குடிக்கும்போதே வந்துவிடுகிறது. இயந்திரத்துக்கு ஒவ்வொன்றாக விதி போட்டுச் சொல்ல வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கெல்லாம் தனித்தனி எழுத்து இருக்கிறது. என் வேலையில் பாதியை மிச்சப்படுத்திய காரணத்துக்காகவே அந்த இரண்டு மொழிகள்மேலும் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

எங்கள் அலுவலகம் ஓசூரில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே டயரில் காற்றை இறக்கிவிடும்போதெல்லாம் இயந்திரம்தான் பெருமூச்சு விடுகிறதென்று நினைத்து அதன் விதிகளைத் திருத்தப் போய்விடுவேன். முதலாளி நல்ல மனிதர். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் "ஒரு டேக் போட்டா முடிஞ்சுது" என்பார். அடைப்புக்குறிக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னபோதும் அதையேதான் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆகியும் என் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கம்பெனிப் பேருந்துகளுக்கு அறிவிப்புக் குரல் செய்து தரும் வேலை வந்தது. ஒரு பேருந்தில் ஒரு வாரம் சோதனை. அவர்களுக்குப் பிடித்தால் எல்லாப் பேருந்துகளும் எங்களுக்கு, என் வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்னை வைத்துக்கொள்ள வழியில்லை, பெங்களூரில் ஹெப்பால் பக்கம் இருக்கும் தன் நண்பர் அலுவலகத்தில் சேர்த்துவிடுவதாக முதலாளி சொன்னார். ஏதோ சொர்க்கத்தில் இடம் வாங்கித் தருகிற மாதிரித்தான் சொன்னார்.

என் கணவருக்கு ஓசூரிலேயே உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வீடு மாற்ற முடியாது. நான்தான் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, முழுப் பெங்களூரையும் குறுக்கே கடந்து, மறுபடி திரும்பி வர வேண்டும். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீ வீட்ல இருக்க நேரத்த விட ரோட்ல இருக்க நேரந்தான் சாஸ்தி. அப்ப வாடகைய பஸ்காரன்ட்டதான் கொடுக்கணும்" என்றார். சிரிப்பு வரவில்லை. எனக்கு ஓசூர் பிடித்திருந்தது. வெயில் காலத்திலும் போர்வை கேட்கிற ஊரை விட்டுவிட்டு, நெரிசலில் நின்று சாக எனக்குச் சம்மதமில்லை.

அதுவரை அந்தப் பேருந்தில் அறிவிப்பு என்று ஒன்று கிடையாது. ஓட்டுநர் கழுத்தைத் திருப்பி, "சூளகிரி, சூளகிரி, தூங்குறவங்கள எழுப்புங்கப்பா" என்று கத்துவார். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், ஓடும்போதே எழுந்து வாசலுக்குப் போய் நிற்பார்கள். பாதுகாப்புப் பிரிவுக்கு இது இரண்டுமே ஆகவில்லை. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது, அறிவிப்பு வரும்வரை யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். பேருந்தில் போகிறவர்கள் மூன்று மொழிக்காரர்கள் என்பதால் அறிவிப்பும் மூன்று மொழியில் வர வேண்டும் என்றார்கள்.

நான் சோறு தண்ணி மறந்து உழைத்தேன். ஓசூரைத் தமிழில் ஓசூர் என்றும், கன்னடத்தில் ஹொசூரு என்றும், தெலுங்கில் ஹோசூரு என்றும் சொல்ல வைத்தேன். மொழிக்கு மொழி நடுவில் அழகாக ஓர் இடைவெளி விட்டேன். ஒருமுறை அந்த இடைவெளியை மில்லி விநாடியில் போடுவதற்குப் பதில் விநாடியில் போட்டுவிட்டேன். இயந்திரம் "அடுத்த நிறுத்தம்" என்று சொல்லிவிட்டு மௌனவிரதம் இருந்தது. நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, "காவேரிப்பட்டினம்" என்று முடித்தது. அதைச் சரிசெய்து வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். நல்லாருக்கு என்றார். வேண்டுமென்றே கெடுத்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அதையும் நல்லாருக்கு என்றார். அதோடு அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சோதனையின் முதல் நாள் மாலை, நானும் போச்சம்பள்ளியில் அந்தப் பேருந்தில் ஏறினேன். என் பக்கத்து இருக்கையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. பேரிகைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. எங்களுக்கு முன்னால் லேத் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர். தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். இருவரும் என்னிடம் தமிழில் ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள். அந்த அக்கா என் சம்பளம் எவ்வளவு என்பதுவரை தமிழிலேயே விசாரித்துவிட்டார்.

காவேரிப்பட்டினம் வந்தது. என் குரல் தமிழில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, இறங்குங்கள் என்றது. கேட்கத் தேன் மாதிரி இருந்தது. ஆறேழு பேர் எழுந்து இறங்கினார்கள். இடைவெளி. கன்னடத்தில் சொன்னது. பின்னால் இருந்து இரண்டு பேர் சாவகாசமாக எழுந்து, மேலே வைத்திருந்த பையை எடுத்து, இறங்கினார்கள். இடைவெளி. தெலுங்கில் சொன்னது. கடைசி இருக்கையிலிருந்து நாலைந்து பேர் கொட்டாவி விட்டபடி எழுந்தார்கள். ஓட்டுநர் மூன்று முறை கியரைப் போட்டு மூன்று முறை எடுத்தார். பேசக்கூடாது என்பதால் கண்ணாடி வழியாக என்னை மட்டும் பார்த்தார்.

கிருஷ்ணகிரியிலும் இதே கதைதான். முதல் தடவையே எல்லோரும் இறங்கினால் என்னவாம் என்று அந்த லேத் பெரியவரிடம் கேட்டேன். அவர் நிதானமாகத் திரும்பினார்.

"தமிழ்க்காரங்கள கூப்ட்டாங்க, அவங்க எறங்குனாங்க. எங்கள கூப்புட வேணாமா?"

உங்களுக்குத்தான் தமிழ் நன்றாகத் தெரியுமே என்றேன்.

"தெரியுது மேடம். பக்கத்து வூட்டு கல்யாணப் பத்திரிகையகூட படிக்கத் தெரியுது. அதுக்காக அவங்க கூப்புடாம போயி பந்தில உக்காந்துக்க முடியுமா?"

கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும், பெண் வீட்டார் நேரில் வந்து கூப்பிடும்வரை மாமாக்கள் பந்தி நடக்கும் பக்கமே திரும்ப மாட்டார்கள். ஏதோ விட்டத்தை அளக்க வந்தவர்கள் மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை நாள் ஓட்டுநரின் கத்தல் யாரையும் தனியாக அழைக்கவில்லை, அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நான் வந்து மொழிவாரியாக அழைப்பு வைத்ததும், பேருந்து கல்யாண வீடாகிவிட்டது. அறிவிப்பு வரும்வரை எழக்கூடாது என்ற விதியும் அவர்களுக்கு வசதியாகக் கிடைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. ஓசூரில் என்னைக் கூட்டிப்போக வர வேண்டிய கணவர். "வண்டிய எடுத்துட்டு வந்துட்டியளா? நான் இப்பத்தான் கிருஷ்ணகிரியத் தாண்டுதேன்" என்று சொல்லி வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், என் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டுச் சுற்றிலும் ஒரே புன்னகை. பரிசோதனை அக்கா, "தாண்டுதேன்" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்னால் யாரோ, "நானும் தூங்குதேன்" என்றார். மூன்று மொழிக்காரர்களும் ஒற்றுமையாகச் சிரித்தார்கள். இந்த ஒற்றுமையை இறங்கும்போது காட்டியிருக்கலாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூர் போய்ச் சேர்ந்தபோது இரவு ஷிப்டுக்காரர்கள் நிறுத்தத்தில் டீ குடித்து முடித்து, அடுத்த டீக்கும் சொல்லியிருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு அதே பேருந்துதான் போச்சம்பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அது தாமதமானால் அங்கே ஷிப்டு தாமதம். மறுநாளே தொழிற்சாலையின் போக்குவரத்து மேலாளர் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு டேக் போட்டுவிடு என்றார்.

போட்டேன். யார் முதலில் என்பதுதான் பிரச்சினையோ என்று, நிறுத்தத்துக்கு நிறுத்தம் மொழி வரிசையை மாற்றினேன். அன்றைக்குத் தமிழ்க்காரர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நேற்று முதல் அழைப்பு, இன்று கடைசி அழைப்பா என்று அவர்களுக்குக் கோபம். அடுத்த நாள் இடைவெளியை எல்லாம் நீக்கி, பேச்சு வேகத்தைக் கூட்டினேன். என் தேன் குரல் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஏலம் விடுகிற மாதிரி ஆகிவிட்டது. விரட்டினால் யாராவது எழுந்திருப்பார்களா? "அந்தம்மாக்கு என்னமோ கோவம். கொஞ்சம் ஆறட்டும்" என்று லேத் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துகொண்டார். மற்றவர்களும் ஆறவிட்டார்கள். பேருந்து முன்னைவிடத் தாமதம்.

அன்று இரவு ஷிப்டு அரை வழியில் இருக்கும்போதே மேலாளரின் செய்தி வந்தது. நாளை ஒருநாள் பார்ப்பது, நாளையும் தாமதமானால் குரலைக் கழற்றிவிடுவது. அடுத்த செய்தி முதலாளியிடமிருந்து. ஹெப்பால் நண்பரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டாராம். என்ன ஒரு சுறுசுறுப்பு. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபத்தில் தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கணவர் அதையும் நல்லாருக்கு என்று சாப்பிட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில், சோதனைக்காகப் பேருந்துக்குள் நாங்கள் வைத்திருந்த கருவியில் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்டேன். என் குரல் எங்கே தடுக்கியது என்று பார்க்கத்தான் கேட்டேன். குரல் எங்கும் தடுக்கவில்லை. அதற்குப் பின்னால் பெரியவரும் பரிசோதனை அக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கன்னடத்தில் ஏதோ கேட்கிறார். அவர் வாக்கியம் முடிவதற்குள் அக்கா தெலுங்கில் ஆரம்பிக்கிறார். நடுவில் ஓவர்டைம் வருகிறது, தமிழில் ஒரு திட்டு வருகிறது, மறுபடி கன்னடம். எந்த இடத்திலும் இடைவெளி கிடையாது. ஓசூரில் யாரும் ஒரு மொழியை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதில்லை. அடைப்புக்குறி போட்டு மூன்று வீடாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பந்தி வைத்தவள் நான்தான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்று மொழியையும் ஒரே மூச்சில் சொல்ல வைப்பது என்று முடிவு செய்தேன். முதலில் சொல்லுக்குச் சொல் மொழிக் குறி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குறிக்கும் குரல் மாறியது. மூன்று பெண்கள் ஒரே மைக்கைப் பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. ஒரே குரலை வைத்துக்கொண்டேன். இப்போது என் தமிழ் ஒலி விதிகள் குறுக்கே வந்தன. இறங்குங்கள் என்பதற்குத் தெலுங்கில் சொல்லும் திகண்டியை, நடுவில் வரும் ககரம் என்பதால் திஹண்டி என்று தேய்த்தது. விதியை அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஒலியையும் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதையே கன்னடத்தில் சொல்லும் இளீரியில் கையே வைக்க வேண்டியிருக்கவில்லை. ளகரம் மூன்று மொழிக்கும் பொதுச் சொத்து.

முதலாளி வந்து கேட்டார். இது எந்த மொழி என்றார். ஓசூர் பஸ் என்றேன். சற்று யோசித்தார்.

"டேக் எல்லாம் மூடியிருக்கா?"

மூடியிருக்கிறது என்றேன். சரி, அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை பேருந்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். காவேரிப்பட்டினம் வந்தது.

"காவேரிப்பட்டினம். இறங்குங்க இளீரி திகண்டி."

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அடுத்தது வருமென்று பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. தன்னைக் கூப்பிட்டாகிவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் உறைத்ததும், இறங்க வேண்டிய அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. வாசலில் போய் உயிர் மறுபடி நின்றது. ஒரே நேரத்தில் கூப்பிடப்பட்ட விருந்தாளிகள் அல்லவா? நீங்கள் முதலில் இறங்குங்கள் என்று தமிழ்க்காரர் தெலுங்கில் உபசரித்தார். அது எப்படி, நீங்கள்தான் முதலில் என்று தெலுங்குக்காரர் கன்னடத்தில் உபசரித்தார். படிக்கட்டில் ஒருவரும் இறங்கவில்லை, மரியாதை மட்டும் மூன்று மொழியில் வழிந்தது. நான் நெற்றியில் கைவைத்துக்கொண்டேன்.

ஓட்டுநரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விதிப்படி வண்டி நின்றுகொண்டிருந்தபோதுதான் பேசினார், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

"பந்திக்கு கூப்ட்டாச்சில்ல, சாப்புட்டதா நெனச்சி கெளம்புங்க சாமி."

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கிருஷ்ணகிரியில் இன்னும் வேகம். சூளகிரி வருவதற்குள் பேருந்தே குரலோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. பரிசோதனை அக்கா அங்கே இறங்கும்போது என் தோளைத் தட்டி, இப்போதுதான் அந்தம்மாவுக்குப் பேச வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓசூர் வந்தபோது இரவு ஷிப்டுக்காரர்கள் முதல் டீயையே வாயில் வைத்திருக்கவில்லை. என் கைபேசியில் மேலாளரின் செய்தி வந்தது. பேருந்து எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் திரையில் தெரியும். குரல் இருக்கட்டும், மற்றப் பேருந்துகளுக்கும் இதையே போடுங்கள், எழுத்துப்பூர்வமாக நாளை அனுப்புகிறேன் என்று இருந்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். ஹெப்பால் இல்லை. அத்திப்பள்ளி இல்லை. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

அதற்குள் குரல் சொல்ல வேண்டியதைச் சொல்லி, பேருந்தும் காலியாகிவிட்டது. எனக்கு அது காதிலேயே விழவில்லை. கடைசி ஆள் இறங்கும்வரை யாரும் ஏறக்கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. வெளியே இரவு ஷிப்டு மொத்தமும் டிபன் டப்பாவோடு வாசலில் நின்றது. இத்தனை நாள் யாரைத் திட்டினேனோ, அதே காரியத்தை நான் செய்துகொண்டிருந்தேன். பேருந்தைத் தாமதப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லேத் பெரியவர் படிக்கட்டிலிருந்து திரும்பி உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் வந்த ஸ்பீக்கரையும் ஒருமுறை பார்த்தார். நான் இன்னும் எழாததற்கு என்ன காரணம் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எறங்குதியளாம்மா?"

கன்னட வாயில் புகுந்து வந்த திருநெல்வேலி. நான் எழுதிய எந்த ஒலி விதிக்கும் அது அடங்காது. வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓசூருக்கு வந்து இத்தனை காலத்தில், வீட்டுக்கு வெளியே ஒருவர் என்னை என் பேச்சில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கடைசி நிறுத்தம் என்று மூன்று மொழியில் சொல்லியும் நகராத கால்கள் தானாக எழுந்தன.

"எறங்குதேன்" என்றேன்.